ஒரு டிகிரி, பல அலுவலகங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகாத இந்த நாட்களில்தான் பிளஸ் டூ ரிசல்ட்டும் வரும், அரசு கலைக் கல்லூரி விண்ணப்பமும் திறக்கும். தங்கச்சிமடத்து மாணவி ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வையுங்கள். அவள் படிப்பை யார் நடத்துகிறார்கள்?

சேர்க்கை சென்னையிலுள்ள கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் வேலை. உயர்கல்வித் துறையின் கீழுள்ள இதுதான் பேராசிரியர்களின் பணியிடம், சம்பளம், இடமாறுதல் எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆனால் நிரந்தர உதவிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். அது இருப்பதோ பள்ளிக்கல்வித் துறையில்! தேர்வு தள்ளிப்போனால் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வகுப்பு ஓடும்.

பாடத்திட்டம், செமஸ்டர் தேர்வு, பட்டம் மூன்றும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கையில். 1985இல் தொடங்கிய இதன்கீழ்தான் ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கலைக் கல்லூரிகள் வருகின்றன. பாடத்திட்டக் குழு எழுதும், கல்விக்குழு ஏற்கும், ஆட்சிக்குழு நிர்வாகத்தைக் கவனிக்கும். ஆக, வேதியியலுக்கு வாத்தியார் இல்லையென்றால் காரைக்குடியில் முறையிட்டுப் பயனில்லை. வினாத்தாளில் குளறுபடி என்றால் இயக்ககத்தால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பிரிவினை தெரியாமல் மனுவோடு அலைகிற பெற்றோர்தான் அதிகம். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்கூட சமூகநலத் துறையிலிருந்து வருகிறது.

அதே ஊர் அரசு மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. பட்டம் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். மீன்வளப் படிப்புக்கு நாகப்பட்டினத்தில் தனிப் பல்கலைக்கழகம்.

மேலே இன்னொரு இழுபறி. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் கல்வியை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. உயர்கல்வித் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு முன்பிருந்தே மத்திய அரசிடம். அதைச் செயல்படுத்துவது பல்கலைக்கழக மானியக் குழு எனும் யு.ஜி.சி. அழகப்பா போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர். துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற சண்டை 2025இல் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி இறங்கியது. அந்த நாற்காலி காலியானால் ஒருங்கிணைப்புக் குழு சமாளிக்கும்.

இத்தனை பேரையும் ஒரு கோட்டில் நிறுத்தத்தான் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில உயர்கல்வி மன்றம் வந்தது. 2023இல் அது கொண்டுவந்த பொதுப் பாடத்திட்டத்தை, தன்னாட்சிக்கு இடைஞ்சல் என்று ஆசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள். பல்கலைக்கழகம் மாறிப் படிப்பவர்களுக்கு ஒரே பாடம் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அழகப்பா தன் கடலியல் துறையைக் காரைக்குடியில் வைக்காமல் கடலோர ஊரான தொண்டியில் வைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் கையெட்டும் தூரத்திலிருக்க, இங்கத்திய விலங்கியல் பாடமும் தர்மபுரிப் பாடமும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்?