கிட்னி மாற்றிய பிறகு மெடிகேர் எதற்குப் பணம் தரும்?

அமெரிக்காவில் சிறுநீரகச் செயலிழப்புக்காக மட்டுமே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டைப் பெற்றவர்களுக்கு, மாற்று அறுவை வெற்றிகரமாக முடிந்து 36 மாதத்தில் அது நின்றுவிடும். 65 வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளி என்ற அடிப்படையில் பெறுபவர்களுக்கும் இந்தக் கெடு இல்லை.

முன்பெல்லாம் அதோடு மாத்திரைக்கான உதவியும் போய்விடும். டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட் போன்ற, உடல் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை, வைத்த சிறுநீரகம் வேலை செய்யும்வரை விடாமல் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் உடம்பு அதை ஏற்காது, மறுபடி டயாலிசிஸ்தான். அந்த டயாலிசிஸுக்கு மட்டும் அதே மெடிகேர் பணம் கட்டும்! இந்த விசித்திரக் கணக்கு மாற, 2023 ஜனவரி 1 முதல், இந்த மாத்திரைகளுக்கு மட்டும் பணம் தரும் ‘பார்ட் பி-ஐடி’ என்ற மெடிகேர் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

2025இல் இதன் மாதப் பிரீமியம் 110.40 டாலராக இருந்தது, வருமானம் அதிகமானால் இதுவும் கூடும். ஆண்டுக்கு முதலில் ஒரு குறிப்பிட்ட தொகை (2025இல் 257 டாலர்) நம் கையிலிருந்து, அப்புறம் மருந்துச் செலவில் 20 சதவீதம் நம் பங்கு. எப்போது வேண்டுமானாலும் சேரலாம், தாமத அபராதம் கிடையாது. ஆனால் வேலை வழியாக வரும் காப்பீடு இருந்தால் சேர முடியாது. பிறகு கிடைத்தால் 60 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பிக்க வேண்டிய இடம் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு அலுவலகம்.

சரி, இதில் வராதது எது? உடல் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தவிர எல்லாமே. டாக்ரோலிமஸ் சர்க்கரையை ஏற்றலாம், கையை நடுங்க வைக்கலாம், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டலாம். அதே வேலைக்குத் தரும் பிரெட்னிசோன் பசியைக் கிளப்பி எடையைக் கூட்டும். மாத்திரைக்குப் பணம் உண்டு. மாத்திரையால் வந்த சர்க்கரைக்கான மருந்துக்கோ டாக்டர் கட்டணத்துக்கோ இல்லை.

ஆகவே முழு மெடிகேர் கையில் இருக்கும்போதே உணவு ஆலோசனையை வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். கிட்னி மாற்றி 36 மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு, மெடிகேரில் டாக்டர் கட்டணம் போன்றவற்றுக்கான பிரிவான பார்ட் பி-யில் முதல் ஆண்டு 3 மணி நேரம், அடுத்த ஆண்டுகளில் 2 மணி நேரம் டயட்டீஷியன் ஆலோசனை இலவசம். டாக்டரின் பரிந்துரைச் சீட்டு மட்டும் வேண்டும். அவரே தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

டயட்டீஷியனிடம் போகும்போது கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் மருந்துப் பட்டியலையும் கொண்டுபோங்கள். பொட்டாசியம் எவ்வளவு, எந்தக் காய் பழம் குறைக்க வேண்டும், வேகாத முட்டையும் பச்சை முளைப்பயறும் எவ்வளவு காலம் கூடாது என்று கேளுங்கள். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் இரண்டையும் கேட்காமலே ஒதுக்கிவிடலாம். டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும்.