ஓடு சொல்லாத சேதி: ஒரு போலி லிம்பெட்டுக்குப் பெயர் கிடைக்கும் வழி

1982ஆம் ஆண்டில் ஜான்சன், பிளாக் என்ற இரு உயிரியலாளர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரைப் பாறைகளில் வாழும் ஒரு சிறு நத்தையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே கடற்கரையில், மிகக் குறைந்த தூர இடைவெளியிலேயே இந்த நத்தைகளின் மரபணு அமைப்பு ஒழுங்கேதும் இல்லாமல் மாறிக்கொண்டிருப்பதை அவர்கள் காட்டினார்கள். கடல்வாழ் உயிரினங்களின் மரபியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. ஆனால் கட்டுரைத் தலைப்பில் அந்த நத்தைக்கு முழுப் பெயர் இல்லை. ‘சைபோனேரியா’ என்ற பேரினப் பெயரோடு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தச் சிற்றினத்தை அதுவரை யாரும் முறைப்படி விவரித்திருக்கவில்லை. 1984இல் புரூஸ் ஜென்கின்ஸ் அதை விவரித்த பிறகுதான் அது ‘சைபோனேரியா ஜீனே’ ஆயிற்று.

மறைந்து வாழும் அரிய உயிரல்ல அது. கடல் வற்றும்போது பாறையில் கால் வைப்பவர் எவர் கண்ணிலும் படக்கூடியது. அப்படியிருந்தும் அதற்குப் பெயர் கிடைக்க ஏன் இவ்வளவு காலம் ஆனது? இந்தக் கேள்விக்கான விடை அந்த நத்தையின் உடலமைப்பிலும், பெயரிடுதலின் சட்டதிட்டங்களிலும், பழைய அருங்காட்சியக அலமாரிகளிலும் சிதறிக் கிடக்கிறது.

லிம்பெட் என்பது கூம்பு வடிவ ஓட்டுக்குள் இருந்தபடி பாறையோடு ஒட்டிக்கொண்டு வாழும் நத்தை. ஓதம் ஏறும்போது நீருக்குள்ளும், வற்றும்போது வெயிலிலும் காற்றிலும் அதன் நாள் கழிகிறது. அலை மோதும் இடத்தில் சுருள் ஓட்டைவிடத் தாழ்ந்த கூம்பு வசதியானது. பிடிமானத்துக்கு அகன்ற பாதம் கிடைக்கிறது, நீரின் இழுவையும் குறைகிறது. இந்த வசதிக்காகவே நத்தைகளின் வெவ்வேறு கிளைகள் தனித்தனியாகப் பரிணமித்து இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. உண்மையான லிம்பெட்டுகள் செவுளால் சுவாசிக்கும் தொன்மையான ஒரு கிளை. போலி லிம்பெட்டுகளான சைபோனேரியாக்களோ தோட்டத்து நத்தைகளுக்கு நெருங்கிய உறவினர். காற்றைச் சுவாசிக்க நுரையீரல் போன்ற அறை அவற்றுக்கு உண்டு. அதோடு நீருக்குள் இருக்கும்போது உதவுவதற்குச் செவுளும் அதே அறையில் பிற்காலத்தில் உருவாகியிருக்கிறது.

இந்தச் சுவாச அறை வெளியே திறக்கும் வழி உடலின் வலது பக்கத்தில் இருக்கிறது. அதற்கு இடம்கொடுக்க ஓட்டின் வலது விளிம்பு சற்றுப் புடைத்திருக்கும். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே குதிரை லாட வடிவில் தசை ஒட்டிய தழும்பு தெரியும். உண்மையான லிம்பெட்டில் லாடத்தின் வாய் தலை இருக்கும் முன்பக்கம் பார்க்கிறது. போலி லிம்பெட்டில் தழும்பு வலது பக்கம் அறுபட்டிருக்கும். இந்த ஒரு அடையாளமே இரண்டையும் பிரித்தறியப் போதும்.

பல்லிலும் வேறுபாடு உண்டு. நத்தைகள் உணவைச் சுரண்டுவது ராடுலா என்னும் பல்நாடாவால். உண்மையான லிம்பெட்டின் பற்களில் கோதைட் என்ற இரும்புக் கனிமம் ஏறியிருக்கிறது. உயிர்கள் உருவாக்கும் பொருட்களில் மிக வலிமையானவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. சைபோனேரியாவுக்கு அந்தக் கொடை இல்லை. மென்மையான பாசியை மேலோட்டமாகச் சுரண்டித் தின்கிறது. பாறையைப் பிடிக்கும் பலமும் அதற்குக் குறைவுதான். அதை ஈடுகட்டச் சில சிற்றினங்கள் தோலிலிருந்து கசப்பான பிசின் போன்ற சளியைச் சுரந்து எதிரிகளை விரட்டுகின்றன.

போலி லிம்பெட் என்று அறிவது இவ்வளவு எளிது. எந்தப் போலி லிம்பெட் என்று சொல்வதுதான் கடினம்.

ஒரே சிற்றினத்தின் ஓடு ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக வளர்கிறது. அலையின் வேகம், வெயில், பாறையின் சொரசொரப்பு, பக்கத்தில் நெருக்கியடிக்கும் மற்ற நத்தைகள் எல்லாம் அதன் உயரத்தையும் வரிகளையும் மாற்றிவிடுகின்றன. வயதான ஓட்டின் மேல் பாசி படர்ந்து, உச்சி அரித்துப்போய், இளம்பருவ வரிகள் அடையாளம் தெரியாமல் மறைந்துவிடுகின்றன. எதிர்ப்பக்கத்தில், வெவ்வேறு சிற்றினங்கள் ஒரே சூழலில் வாழும்போது ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஓட்டை மட்டும் வைத்து முடிவு செய்பவர் இரண்டு விதமாகவும் ஏமாறலாம். ஒன்றைப் பலவாக எண்ணலாம், பலவற்றை ஒன்றாகவும் எண்ணலாம்.

சைபோனேரியாவின் வரலாற்றில் இரண்டும் நடந்தன. உயிரினங்களுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையை நிறுவிய லின்னேயஸ் 1758இல் தொப்பி வடிவ ஓடுகளை எல்லாம் ‘பட்டெல்லா’ என்ற ஒரே பேரினத்தில் அடுக்கினார். இன்று சைபோனேரியா பெக்டினேட்டா எனப்படும் போலி லிம்பெட்டும் அதில் ஒன்றாக இருந்தது. 1823இல் சவர்பி சைபோனேரியாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். பிறகு ஓடு சேகரிப்போரின் காலம் வந்தது. கப்பல்கள் கொண்டுவந்து குவித்த ஓடுகளைப் பார்த்து லவல் ரீவ் போன்றவர்கள் ஏராளமான பெயர்களைச் சூட்டினார்கள். கராச்சியின் பெயர் தாங்கிய சைபோனேரியா குர்ராச்சியென்சிஸ் 1856இல் ரீவ் வைத்ததுதான். 1940களில் சுவீடனைச் சேர்ந்த ஹூபெண்டிக் இந்தப் பெயர்க்குவியலை எடுத்துப் பார்த்து, பலவற்றை ஒரே சிற்றினத்தின் மறுபெயர்கள் என்று ஒதுக்கினார். டி.என்.ஏ. ஆய்வுகள் வந்த பிறகு, அவர் இணைத்தவற்றில் பல உண்மையிலேயே தனித்தனி என்று தெரிந்தது.

ஆகவே இன்று ஒருவர் கையில் புதிதாகத் தோன்றும் ஒரு சைபோனேரியா கிடைத்தால், அவருடைய பெரும்பாலான உழைப்பு பழைய பெயர்களோடுதான். விலங்கியல் பெயரிடலில் முந்தியவருக்கே உரிமை. 1758 முதல் முறைப்படி வெளியான எந்தப் பெயரும் போட்டிக்கு வரலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ இரண்டு வரியில் விவரித்துவிட்டுப் போன ஓடு இதே நத்தையுடையதாக இருந்தால் புதிய பெயர் செல்லாது. ‘இது புதியது’ என்று சொல்வதற்கு, இருக்கும் பெயர்கள் ஒவ்வொன்றையும் எடுத்து ‘இது அதுவல்ல’ என்று காட்டியாக வேண்டும்.

அதற்கு மூலமாதிரியைப் பார்க்க வேண்டும். ஒரு சிற்றினத்தை விவரிப்பவர் ஒரு குறிப்பிட்ட மாதிரியை அந்தப் பெயரின் ஆதாரமாக அறிவிக்கிறார். நிலத்துக்கு அளவுக்கல் போல, பெயரின் எல்லை குறித்துத் தகராறு வரும்போதெல்லாம் அங்கேதான் திரும்பிப் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மூலமாதிரிகளில் பெரும்பாலானவை உலர்ந்த ஓடுகள். உள்ளிருந்த உடல் எப்போதோ தூக்கி எறியப்பட்டுவிட்டது. சிலவற்றின் சீட்டில் ஊர்ப் பெயர் இல்லை. சிலவற்றில் இருப்பது தவறான ஊர். உடலும் இல்லை, ஊரும் இல்லை என்றால் எதை வைத்து ஒப்பிடுவது? வழி ஒன்றுதான். ஊர் தெரிந்த பெயர்களுக்கு அதே கரைக்கு மறுபடியும் போய், அதே ஓட்டு வடிவமுள்ள நத்தைகளை உடலோடு எடுத்து வந்து, அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று நிலைநிறுத்த வேண்டும். குர்ராச்சியென்சிஸ் என்ற பெயர் எதற்கு உரியது என்று உறுதியாகச் சொல்லக் கராச்சிக் கரையின் நத்தைதான் வேண்டும். ஆஸ்திரேலியக் கரையில் எத்தனை கிடைத்தாலும் அது ஈடாகாது. வெளியுலகம் கண்டுகொள்ளாத இந்த வேலையைத்தான் நான் வகைப்பாட்டியலின் முதுகெலும்பாக மதிக்கிறேன்.

இனி மாதிரியைக் கையாளும் முறை. கத்தியை ஓட்டின் அடியில் சட்டென்று செலுத்த வேண்டும். தொட்டு எச்சரித்துவிட்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். எடுத்ததை நேரே சாராயத்தில் போட்டால் உடல் சுருங்கி உறுப்புகள் கலங்கிவிடும். அதனால் முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் வைத்துத் தளரச் செய்கிறார்கள். மரபணு ஆய்வுக்காகப் பாதத்தில் ஒரு துணுக்கை அடர்ந்த எத்தனாலில் சேமிக்கிறார்கள். ஃபார்மலின் உடலை நன்றாகக் காக்கும், ஆனால் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். பழைய அருங்காட்சியகப் புட்டிகள் பலவற்றிலிருந்து மரபணு எடுப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ராடுலாவைப் பிரிக்க, அதைச் சூழ்ந்த தசையை ரசாயனத்தில் கரைத்துவிட்டு, மிஞ்சும் பல்நாடாவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கிறார்கள். ஆனால் சைபோனேரியாவில் அதிகம் பேசுவது இனப்பெருக்க உறுப்புகள்தான். இவை இருபால் உயிரிகள். கலவியின்போது விந்தணுக்களை ஒரு நூல் போன்ற உறையில் பொதிந்து இணைக்குள் செலுத்துகின்றன. அந்த உறையின் தலைப்பகுதி, வால், நீளம் ஆகியவை சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுபடுகின்றன. அதை உருவாக்கும் சுரப்பியும், அதைப் பெற்று வைத்திருக்கும் பையும் கூட அப்படித்தான். அலையும் வெயிலும் ஓட்டை மாற்றலாம், இந்த உறையின் வடிவத்தை மாற்றுவதில்லை. முதிர்ந்த நத்தையின் அந்தப் பையைத் திறந்தால், இணை விட்டுச்சென்ற உறை உள்ளேயே கிடைப்பதும் உண்டு.

மரபணு ஆய்வுக்கு வழக்கமாக எடுப்பது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் சுமார் 650 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள துண்டு. அதை வைத்து வம்சமரம் வரைகிறார்கள். மரத்தில் தனிக்கிளை கிடைத்தாலே புதுச் சிற்றினம் என்று அறிவிப்பது அவசரம். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும் வருவது, கதையின் ஒரு பாதியைத்தான் சொல்லும். என் பார்வையில் மிக வலுவான சான்று, இரண்டு வகைகளும் ஒரே பாறையில் கலந்து வாழும் இடத்தில் கிடைப்பது. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் மரபணு கலக்காமல், உடலமைப்பிலும் வேறுபட்டு நின்றால், அவை ஒன்றோடொன்று இனம் பெருக்குவதில்லை என்று பொருள். தொலைவில் பிரிந்து வாழ்பவற்றில் அந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

இப்படிப் பிரித்துப் பார்த்ததால் வரைபடங்கள் மாறியிருக்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் வாழ்வதாக நெடுங்காலம் நம்பப்பட்ட பெக்டினேட்டாவை ஹார்வர்டின் கொன்சாலோ ஜிரிபெட்டும் ஜிசெல் கவாவுச்சியும் ஆராய்ந்து, 2016இல் அது மூன்று சிற்றினங்கள் என்றார்கள். கிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் பெக்டினேட்டா, கேப் வெர்டே தீவுகளில் ப்ளாசென்டுலா; ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாப் பக்கத்தில் நாஃப்ராகம். இதற்குப் புதுப் பெயர் தேவைப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெயர்கள் அலமாரியில் காத்திருந்தன. 2024இல் ஜென்கின்ஸும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஃபிராங்க் கோலரும் இந்தோ-மேற்கு பசிபிக் பகுதியின் போலி லிம்பெட்டுகள் அனைத்தையும் திருத்தி எழுதிய ஆய்வு ஒரு நூலின் அளவுக்கு நீண்டது. பழைய பெயர்கள் பல அதில் உயிர் பெற்றன, ஏராளமான சிற்றினங்கள் புதிதாகவும் பெயர் பெற்றன.

பெயர் செல்லுபடியாக வேண்டிய நிபந்தனைகள் சுருக்கமானவை. 2000ஆம் ஆண்டு முதல் மூலமாதிரியை வெளிப்படையாக அறிவித்து, அது எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்ற சிற்றினங்களிலிருந்து பிரித்தறியும் பண்புகளை எழுத வேண்டும். 2012 முதல் மின்வடிவில் மட்டும் வெளியாகும் ஆய்வுகள், விலங்கியல் பெயர்களுக்கான அதிகாரப்பூர்வ இணையப் பதிவேடான ஜூபேங்கில் ஏறியிருக்க வேண்டும்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில் நடந்தது இந்த உழைப்பின் பயனை நன்றாகக் காட்டுகிறது. அங்கே சைபோனேரியா லெசோனி, சைபோனேரியா லாட்டரலிஸ் என்ற இரண்டுதான் ஏற்கப்பட்டிருந்தன. 2016இல் குல்லர், செலாயா, இட்டுவார்த்தே ஆகியோர் லாட்டரலிஸுக்குள் ஒளிந்திருந்த மூன்றாவதைப் பிரித்து, அந்தத் தென்கோடியில் உள்ள திய்ரா தெல் ஃபுவேகோ தீவுக்கூட்டத்தின் பெயரால் சைபோனேரியா ஃபூஜியென்சிஸ் என்று விவரித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவினையின் மேல் நின்று வேறொரு குழு ஒரு புதிரை எடுத்தது. லெசோனியின் இளவுயிரிகள் கடலில் மிதந்து திரிபவை. லாட்டரலிஸும் ஃபூஜியென்சிஸும் மிதக்கும் பருவத்தையே காணாதவை, முட்டைக் கூழிலிருந்து குட்டி நத்தைகளாகவே பாறையில் இறங்குகின்றன. அப்படிப்பட்டவை தீவுக்குத் தீவு பிரிந்து தனித்தனிச் சிற்றினங்களாகியிருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 2018இல் வெளியான ஆய்வில் கிடைத்தது வேறு. இந்த இரண்டுமே அண்டார்டிக்காவைச் சூழ்ந்த கடலில் பல ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியுள்ள தீவுகளில் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியோடு வாழ்கின்றன. துர்வில்லியா என்ற பெரிய கடற்பாசி அவற்றின் வாகனம். காற்றறைகள் நிறைந்த அதன் இலைத்தண்டுகள் மூழ்குவதில்லை. புயலில் பாறையிலிருந்து பிய்ந்து போகும்போது, அடிவேரில் குடியிருந்த நத்தைகளையும் அவற்றின் முட்டைகளையும் சுமந்துகொண்டு மேற்குக் காற்று தள்ளும் திசையில் அது மிதந்து செல்கிறது.