தும்பியைப் பிரிஜ்ஜில் வைக்காதீர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி தான் எடுத்த படத்தைக் காட்ட வந்தான். சிவப்புத் தும்பி. தலையிலிருந்து வால் நுனி வரை அவ்வளவு தெளிவு. "எப்படி எடுத்தாய்?" என்று கேட்டேன். "ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள போட்டு அரை மணித்தியாலம் பிரிஜ்ஜில வச்சன் அண்ணா, பிறகு அது அசையாது" என்றான். ஒளிக்கவேயில்லை. ஏதோ ஒரு காணொளியில் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறான். திருகோணமலையில் மக்ரோ, அதாவது சின்னஞ்சிறு உயிர்களை மிக நெருங்கிப் படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் வருகிறார்கள். இந்தப் பழக்கம் அவர்களிடையே பரவக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவன் ஏன் அந்த வழிக்குப் போனான் என்பது எனக்குப் புரியும். மக்ரோ லென்ஸில் ஒன்றுக்கு ஒன்று என்றால், பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவுக்கு கமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சரிலும் விழும். அந்த நெருக்கத்தில் லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். உருவத்தை இன்னும் இரண்டு மடங்கு பெருப்பித்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கண்ணுக்குப் போக்கஸ் வைத்து, மூச்சை விட்டால் போதும், தெளிவு கழுத்துக்குப் போய்விடும். சரி, ஆழம் கூடட்டும் என்று துவாரத்தைச் சுருக்கி எஃப் 22 வைப்போம் என்றால் படம் முழுவதும் மழுங்கிவிடும். துவாரம் அவ்வளவு சின்னதாகும்போது ஒளி விளிம்பில் சிதறுவதுதான் காரணம். அதனால்தான் போக்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குகிறார்கள். அடுக்குவதற்குப் பூச்சி அசையக்கூடாது. பிரிஜ் வருவது இந்த இடத்தில்தான். சிலர் பசை போட்டு ஒட்டுகிறார்கள், நூலால் கட்டுகிறார்கள்.

பூச்சிகள் பெரும்பாலும் வெளிச்சூட்டை வைத்துத்தான் அசைகின்றன. இங்கே தை மாத இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பிரிஜ்ஜுக்குள் 4 பாகை. நம்மூர்த் தும்பி தன் வாழ்நாளில் காணாத குளிர் அது. வெளியே எடுத்ததும் அது அமைதியாக உட்கார்ந்திருக்கவில்லை, விறைத்துப் போயிருக்கிறது. பழகிய கண்ணுக்கு அது படத்திலேயே தெரியும்: கிளையைப் பிடிக்காத கால், தொங்கிய செட்டை. சிலந்தி என்றால் இன்னும் இலகு. சிலந்திக்குக் காலை மடக்கத் தசை போதும், நீட்டுவதற்கு உடம்புத் திரவத்தின் அழுத்தம் வேண்டும். கால்கள் உள்ளே சுருண்டு கிடந்தால் பெரும்பாலும் அது செத்துவிட்டது, இல்லையென்றால் சாகப்போகிறது. அப்படியான படத்துக்கு விருப்பம் போடும் முன் ஒருமுறை கால்களைப் பாருங்கள்.

அசையாத தும்பி வேண்டுமா? விடியலில் போங்கள். தம்பலகாமத்து வயல் வரம்பில் ஐந்தே முக்காலுக்கு நின்றால், புல் நுனியில் தும்பி பனி ஒட்டியபடி தூங்கும். வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை அதுவாகவே அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் அடுக்கலாம், மெல்ல மெல்லக் கிட்டப் போகலாம். உங்கள் நிழல் மட்டும் அதன் மேல் விழக்கூடாது. வரம்பில் கை வைத்துக் குந்துவதற்கு முன் ரோர்ச் அடித்துப் பாருங்கள், கண்ணாடி விரியனும் அந்த நேரத்தில் அங்கேதான் இருக்கும்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போதுதான் பெரிய பாடு. அந்த நாட்களில் விடிந்து கொஞ்ச நேரம்தான் காற்று விடும், சில நாள் அதுவும் இல்லை. புல் ஒரு விரல் ஆடினால் நம்முடைய 1 மில்லிமீற்றர் எங்கே? அப்போது அடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு பிளாஷை நம்புகிறேன். குறைந்த வலுவில் பிளாஷ் ஒளிரும் நேரம் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் விடக் குறைவு, ஆட்டம் படத்தில் உறைந்துவிடும். போக்கஸ் வளையத்தைத் திருகாமல், முழங்கையை முழங்காலில் ஊன்றி, உடம்பையே முன்னும் பின்னும் அசைத்துக் கண் தெளியும் கணத்தில் அமத்துகிறேன். ஐம்பது படத்தில் இரண்டு தேறும். அந்த இரண்டு போதும்.

மாமரத்தில் முசுறு எறும்பு ஓடும் வரிசையை நின்று பாருங்கள். அதில் ஒன்று கொஞ்சம் விலகி, துள்ளித் துள்ளி நடந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருக்கும். முசுறு வேடம் போட்ட சிலந்தி அது. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டும். தொட்டால் நூல் விட்டுக் கீழே தொங்கிவிடும். இதைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டால் அந்த நடை எங்கே போகும்? முசுறுக் கூட்டைப் பிரித்துப் படம் எடுப்பதும் வேண்டாம். குடம்பிகளின் நூலால்தான் இலைகளைத் தைத்திருக்கின்றன. பிரித்தால் குடம்பிகள் மண்ணில் விழும்.

நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவுக்குக் கமரா கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சொல்: 2003 முதல் அது தேசியப் பூங்கா. நண்டோ சிப்பியோ எதையும் அங்கிருந்து எடுத்து வரவும் கூடாது, துன்புறுத்தவும் கூடாது.

எங்குமே போக வசதியில்லை என்றால் வீட்டு முற்றத்தில் தொடங்குங்கள். கூரை ஓரம் மழை படாத மணலில் குழியானைக் குழிகள் இருக்கும். சின்ன வயதில் ஈர்க்கால் கிளறி எடுத்து உள்ளங்கையில் விட்டு விளையாடினோமே, அதேதான். இப்போது கிளறாதீர்கள். லென்ஸை மணலோடு மணலாக வைத்துப் படுத்து, குழியின் அடியில் போக்கஸ் வையுங்கள். நான் ஒருநாள் முக்கால் மணித்தியாலம் கிடந்தேன். ஒரு எறும்பு விளிம்பில் சறுக்கியது. மணலுக்குள்ளிருந்து இரண்டு வளைந்த தாடைகள் மட்டும் வெளியே வந்தன. தலையால் ஒரு வீச்சு, மணல் என் லென்ஸ் கண்ணாடி வரை தெறித்தது. எறும்பு தப்பி ஏறிவிட்டது. படத்தில் தாடை ஒன்று தெளிவு, மற்றது மங்கல். தாடையின் உள்விளிம்பில் பற்கள் தெரிகின்றன, ஒன்றின் நுனியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருக்கிறது.