புகையான் முட்டைக்குள் வளரும் குளவி

"வரப்பில் எள்ளும் உளுந்தும் போடச் சொல்கிறார்கள். பூ இருந்தால் பூச்சி இன்னும் கூடத்தானே வரும்?" என்று நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வரும். ஆனால் நெல்லை அழிக்கும் புகையான் என்ற தத்துப்பூச்சிக்கு எள்ளுப் பூவில் வேலையில்லை, அது நெல்லின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. தாய்ப்பூச்சி தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையைக் கீறி, உள்ளே வாழைச்சீப்பு மாதிரி முட்டைகளை அடுக்கிவிடும். மேலே மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும், உள்ளிருக்கும் முட்டை பெரும்பாலும் தப்பிவிடும். ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும் குஞ்சுகளைத் தின்ன வயலில் ஆளிருக்காது. இப்படிப் பட்டுத்தான் இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது.

ஒளித்துவைத்த அந்த முட்டையைக் கண்டுபிடிக்கிறவள் அனாக்ரஸ் என்ற குளவி. உடம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இறக்கையோ மெல்லிய பட்டை, ஓரமெல்லாம் நீண்ட மயிர். புகையான் தாக்கிய நெற்பயிர் தனி வாசனை ஒன்றை விடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வாள். பிறகு உணர்கொம்பால் இலையுறையைத் தட்டித் தட்டி நடப்பாள். கீறல் தட்டுப்பட்டதும் நின்று, முட்டையிடும் குழலை உள்ளே இறக்கி, புகையான் முட்டைக்குள் தன் முட்டையை வைப்பாள். அதில் பொரிக்கும் புழு அந்த முட்டையையே தின்று வளர்ந்து, குளவியாக வெளியே வரும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அவள் ஆயுள் சில நாள்தான். எள்ளுப் பூவின் தேன் கிடைத்தால் அது நீளும், அதற்குள் இன்னும் பல முட்டைகளைத் தேடிப்பிடிப்பாள். களைக்கொல்லி அடித்து மொட்டையாக்கிய வரப்பில் தேன் ஏது? நெல் இல்லாத கோடையில் வாய்க்கால் கரைப் புல்லில் வாழும் வேறு தத்துப்பூச்சிகளின் முட்டைகளில்தான் இந்த இனம் காலம் தள்ளுகிறது. கரைப் புல்லைக் கொளுத்தினால் அதுவும் போச்சு.

வரப்பு இரண்டு பேருக்குப் பொது, வாய்க்கால் கரை ஊருக்கே பொது. ஒருவர் எள் போட்டு, அடுத்தவர் மருந்தடித்தால் குளவி மிஞ்சாது. வியட்நாமின் மேகாங் டெல்டாவில் விதைத்த முதல் 40 நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று வானொலி நாடகம் வழியாகவும் ஊர் ஊராகச் சொன்னார்கள். தெளிப்பு வெகுவாகக் குறைந்தது. இளம்பயிர் அந்தச் சேதத்திலிருந்து தானே தேறிவிடும். திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டங்களில் வாய்க்கால் வாரியாக இப்படி ஒரு முடிவு எடுக்கலாம். இந்தக் குளவிகளை இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. புது மருந்துக்குப் போகும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு அவர்களை உருவாக்கப் போகவேண்டும்.

மருந்துக்கடைக்குப் போகும் முன் தூருக்குத் தூர் இலையுறையை நகத்தால் பிளந்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். முட்டை வெள்ளையாக இருந்து, முதிர்ந்ததில் இரண்டு சிவப்புக் கண்புள்ளி தெரிந்தால் உள்ளே புகையான். முட்டை முழுக்கச் செம்மஞ்சளாகியிருந்தால் உள்ளே குளவி.