குஞ்சு செத்தால் பழி பண்ணைக்காரருக்கா?

போன வாரமும் ஒரு போன். "சார், குட்டையில ரோகு மீன்குஞ்சு விட்டு மூணு நாள்தான் ஆச்சு, பாதி செத்து மிதக்குது. குஞ்சு வித்த பண்ணைக்காரன் ஏமாத்திட்டான்." எத்தனை மணிக்கு விட்டீர்கள் என்றேன். மதியம் ஒரு மணி. இந்தக் கோடையில் இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போய் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். குட்டையின் மேல்தண்ணீர் 36 டிகிரி, முழங்கால் ஆழத்தில் 32. குஞ்சு வந்த பையில் 27 இருந்திருந்தால் அதிகம்.

"மீன் தண்ணியிலதானே கெடக்கு, அதுக்கென்ன வெயில்?" எல்லோரும் கேட்பது இதுதான். ஐயா, தண்ணீரில் கிடப்பதுதான் சிக்கலே! வெளியே 40 ஆனாலும் நம் உடம்பு வியர்த்து 37-ஐ ஒட்டியே நிற்கும். மீனுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் என்ன சூடோ உடம்பும் அதே சூடு. விரல் நீளக் குஞ்சுக்குச் சில நிமிடங்கள் போதும். அதே ரோகு, நாள்கணக்கில் மெல்ல ஏறும் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். ஒரே தாவலில் 9 டிகிரி என்றால் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். தண்ணீரிலோ கையிருப்பு குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 35-ல் 7தான்.

மூச்சுக்காகச் செவுள் படபடவென்று அடிக்கும். நன்னீர் மீனுக்கு அதிலும் ஒரு கேடு. அதே செவுள் வழியே உடம்பின் உப்பு வெளியே கசியும், தண்ணீர் உள்ளே புகும். பல குஞ்சுகள் அன்றே சாவதில்லை. சோர்ந்து, பூஞ்சை பிடித்து, மூன்றாம் நாள் மிதக்கும். அதற்குள் விட்ட நேரம் மறந்துபோகும், பழி பண்ணைக்காரர் தலையில் விழும். (எல்லாப் பண்ணைக்காரரும் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை.)

காலை ஏழு, எட்டு மணிக்கு விடுங்கள். விடியுமுன் வேண்டாம், பச்சைக் குட்டையில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருப்பது அப்போதுதான். பையைக் கட்டவிழ்க்காமல் நிழல் விழும் ஓரத்தில் 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, குட்டைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகச் சேர்த்து, பையைச் சாய்த்தால் போதும், தானாக நீந்திப் போகும். கொட்டாதீர்கள். தயவுசெய்து பைக்குள் ஐஸ் கட்டி போடாதீர்கள், அதையும் ஒருவர் செய்தார்.

போன் செய்தவர் மறுபடி குஞ்சு சொல்லியிருக்கிறார். வண்டி பகல் பதினொன்றுக்கு வருமாம். ராத்திரியே ஏற்றிவிடச் சொல்லுங்கள் என்றேன்.