கால்வாய்: செவ்வாயில் யாரும் வெட்டாதது

தமிழில் கால்வாய் என்றால் அதை யாரோ வெட்டியிருக்க வேண்டும். ஆறும் ஓடையும் தாமாக ஓடும். கால்வாயைத்தான் வெட்டுவோம், தூர்வாருவோம். தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாயைப் புது ஆறு என்பார்கள். ஆறு என்று சொன்னாலும், பிற்பாடு வெட்டியது என்ற செய்தி அந்தப் 'புது'வில் இருக்கிறது. அதனால் செவ்வாய்க் கோளைப் பற்றி 'செவ்வாயில் பழங்காலக் கால்வாய்கள்' என்று எங்கே படித்தாலும் எனக்கு உறுத்தும். அங்கே வெட்டியது யார்?

இந்தக் குழப்பம் தமிழில் தொடங்கியதல்ல. 1877இல் செவ்வாய் பூமியை நெருங்கி வந்தபோது, மிலான் நகரின் பிரேரா வானாய்வகத்தில் ஜொவான்னி ஸ்கியாபரெல்லி அதன்மேல் மெல்லிய கோடுகளைக் கண்டார். செவ்வாயின் கறுத்த பகுதிகளைக் கடல் என்று நினைத்த காலம் அது. கடலோடு கடலை இணைப்பதுபோலத் தெரிந்த கோடுகளை அவர் 'கனாலி' என்றார். ஒருமையில் 'கனாலே'. இத்தாலிய மொழியில் இயற்கையான நீர்வழிக்கும் வெட்டிய கால்வாய்க்கும் அந்த ஒரே சொல்தான். அதன் மூலம் லத்தீன் 'கனாலிஸ்': குழாய், நீர் போகும் வழி. அதற்கும் அடியில் இருப்பது 'கன்னா', அதாவது நாணல். உள்ளே துளையுள்ள தண்டு குழாயாகி, குழாய் வாய்க்காலாகியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இதே லத்தீன் சொல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. 'சேனல்' பெரும்பாலும் இயற்கையானது, 'கெனால்' ஆள் வைத்து வெட்டியது. கனாலி அங்கே போனபோது கெனால் ஆனது. சூயஸ் கால்வாய் திறந்து எட்டே ஆண்டு ஆகியிருந்தது. கெனால் என்றதும் மக்கள் மனத்தில் மண்வெட்டியும் பொறியாளர்களும்தான் வந்திருப்பார்கள். 1894இல் பெர்சிவல் லோவல் என்ற அமெரிக்கர் செவ்வாயைப் பார்க்க அரிசோனாவில் வானாய்வகமே கட்டினார். வறண்டுவரும் கோளில் துருவப் பனியின் நீரைக் கொண்டுவர அறிவுள்ள உயிர்கள் வெட்டியவை அவை என்று எழுதினார். எல்லாப் பழியையும் மொழிபெயர்ப்பின் மேல் போட மாட்டேன். ஆனால் அந்த நினைப்புக்கு வழிவிட்டதில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு. 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் விண்கல் விழுந்த குழிகள் தெரிந்தன, கோடுகள் இல்லை. சிதறிக் கிடந்த புள்ளிகளைக் கண்தான் கோடாக இணைத்துப் பார்த்திருந்தது.

அப்புறம் வந்ததுதான் பெரிய செய்தி. 1971இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரினர் 9, புழுதிப் புயல் அடங்கியதும் உண்மையாகவே நீர் அரித்த தடங்களைக் காட்டியது. கிளை பிரிந்த பள்ளத்தாக்குகள், பெருவெள்ளம் பாய்ந்த அகன்ற தடங்கள். இன்று அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் ஊற்றினால் உறையும், இல்லை ஆவியாகிப் போகும். ஆகவே அந்தத் தடங்கள் பதிந்த காலத்தில், சில நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, காற்று இன்னும் அடர்த்தியாக இருந்திருக்க வேண்டும்.

சரி, இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? யாரும் வெட்டாத கடலை 'ஆங்கிலக் கால்வாய்' என்று எழுதிப் பழகியவர்கள் நாம். அதே பழக்கம்தான் செவ்வாய்க்கும் போகிறது. கடலுக்கு 'நீரிணை' இருக்கிறது, பாக் நீரிணை என்கிறோமே. செவ்வாயின் வறண்ட தடங்களுக்கு 'ஆற்றுத்தடம்' என்பதே என் தேர்வு. தடம் என்றாலே ஏதோ போயிருக்கிறது, இப்போது இல்லை என்பது புரிந்துவிடும். பெருவெள்ளம் அரித்தவற்றை 'வெள்ளத்தடம்' எனலாம். ஸ்கியாபரெல்லி கண்டதை மட்டும் 'கனாலிக் கோடுகள்' என்றே விடலாம், அங்கே நீர்வழி எதுவும் இல்லாததால். 'கால்வாய்' என்ற சொல்லை லோவலின் கற்பனைக்கு வைத்துக்கொள்வோம். அவை யாரோ வெட்டியவை என்றுதானே அவர் நம்பினார்.

2012இல் செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, உடைந்த பாறை விளிம்பு ஒன்றைப் படமெடுத்தது. மணலும் சிறு கற்களும் இறுகிய பாறை. காற்று உருட்ட முடியாத அளவுக்குக் கனமான கற்கள் அதில் இருந்தன, முனை மழுங்கி உருண்டையாக. கணுக்காலிலிருந்து இடுப்பளவு ஆழத்தில் ஓடிய நீர் உருட்டியவை என்று கணித்தார்கள். இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. அவை கூழாங்கற்கள்.