தெராமச்சி: கோயில் நகரமா, விகாரைத் தெருவா?

தெராமச்சி: பெயர்ச்சொல். 1. ஜப்பானிய நகரங்களில் பௌத்த விகாரைகள் வரிசையாக அமைந்த தெரு அல்லது பகுதி. 2. கியோட்டோ நகரின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் பழைய கடைத்தெரு. முழுப்பெயர் தெராமச்சி தோரி.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தப் பெயரைத் தமிழில் சொல்லப் போனால் சட்டென்று வாயில் வருவது ‘கோயில் நகரம்’. அதைக் கேட்டதும் நமக்குக் கும்பகோணமும் காஞ்சிபுரமும் நினைவுக்கு வரும். கியோட்டோவின் தெராமச்சி நகரமே இல்லை, ஒரு தெரு. அதில் கூட்டம் அலைமோதும் பகுதி, மேலே கூரை போட்ட கடைத்தெரு. ஆகவே சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் சரியான தமிழ் கிடைக்கும்.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடலாம். ஜப்பானியத்தில் இதில் இரட்டைச் ‘ச்’ கிடையாது. தமிழில் ஒற்றைச் ‘சி’ போட்டால் நாம் வேறு மாதிரி வாசித்துவிடுவோம் என்பதால் ‘மச்சி’ என்று எழுத வேண்டியிருக்கிறது. சென்னைக்காரர்களுக்குச் சிரிப்பு வந்தால் வரட்டும்.

தெரா என்பது பௌத்த வழிபாட்டிடம், துறவிகள் வாழும் இடமும் அதுவே. இதற்கு எழுதும் சீன எழுத்து முதலில் சமயத்தோடு தொடர்பில்லாதது. பழைய சீனாவில் அது அரசு அலுவலகத்தைக் குறித்தது. ஹான் அரசர் காலத்தில் மேற்கிலிருந்து வந்த பௌத்தத் துறவிகளை அயல்நாட்டு விருந்தினர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் தங்கவைத்தார்கள் என்றும், அலுவலகத்தின் பெயர் அப்படியே துறவியர் இல்லத்தோடு ஒட்டிக்கொண்டது என்றும் மரபாகச் சொல்வார்கள். அந்த எழுத்தைச் சீன ஒலியை ஒட்டி வாசித்தால் ‘ஜி’. ஹொன்னோஜி, சேய்கான்ஜி என்று விகாரைப் பெயர்கள் முடிவது அதனால்தான். தனியாக நிற்கும்போதும், தெராமச்சி போன்ற சில கூட்டுச்சொற்களிலும் அது ‘தெரா’.

இந்த ‘தெரா’ என்ற ஒலி எங்கிருந்து வந்தது? இதில் ஒருமித்த முடிவு இல்லை. பாலி மொழியில் மூத்த துறவியைக் குறிக்கும் ‘தேர’ என்ற சொல்தான் கொரியா வழியாக ஜப்பானுக்குப் போனது என்பது ஒரு கருத்து. கொரிய மொழியில் விகாரையைக் குறிக்கும் ‘ஜொல்’ என்ற சொல்லின் பழைய வடிவத்தோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பௌத்தம் 6ஆம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்ஜே அரசிலிருந்து ஜப்பானுக்கு வந்தது என்பதால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. முதல் கருத்து சரியென்றால் நமக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் பௌத்தத் துறவிகளைத் ‘தேரர்’ என்றுதான் எழுதுகின்றன. அந்தத் தேரரும் இந்தத் தெராவும் ஒரே வேர்.

இனி மச்சி. சிக்கல் முழுவதும் இங்கேதான். இதன் எழுத்தில் இடப்பக்கம் இருப்பது வயலைக் குறிக்கும் குறி. சீனத்தில் வயல் வரப்பு என்பது அதன் பழைய பொருள். ஜப்பானியத்தில் அது ஊர், நகரம், நகரின் ஒரு பகுதி என்று விரிந்தது. அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொள்பவர் ‘நகரம்’ என்று எழுதிவிடுவார். கியோட்டோவில் அந்தச் சொல்லுக்குத் தனி வரலாறு இருக்கிறது.

கியோட்டோ 794இல் ஹெய்யான்கியோ என்ற பெயரில் தலைநகராகத் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. நேர்த் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக வெட்ட, நகரம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 120 மீட்டர். அந்தக் கட்டத்தையும் இதே எழுத்தால்தான் குறித்தார்கள், ‘சோ’ என்று வாசித்தார்கள். அதாவது, தொடக்கத்தில் நாலு தெருக்களுக்கு நடுவே இருக்கும் மனைத் தொகுதிதான் அது. பிற்காலத்தில் வணிகர்களும் கைவினைஞர்களும் தெருவைப் பார்த்தபடி கடைகளை நெருக்கமாகக் கட்டிக்கொண்டார்கள். எதிர்வாடையில், அதாவது தெருவின் மறுபக்க வரிசையில், இருப்பவரே நெருங்கிய அண்டை வீட்டார் ஆனார். முதுகு காட்டி நிற்கும் பின்வீட்டுக்காரர் அயலார் ஆனார். இப்படி, தெருவின் இரு வாடைகளும் சேர்ந்ததே ஒரு மச்சி என்று ஆகிவிட்டது. ‘இருபக்க மச்சி’ என்றே வரலாற்றாசிரியர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவில் தெரு, இருபுறமும் வீடு, இதற்குத் தமிழில் என்ன பெயர்? தெரு என்றால் நமக்கும் வெறும் வழி மட்டும் இல்லையே, அதில் குடியிருக்கும் சனமும் சேர்ந்ததுதானே. ‘தெருவே திரண்டு வந்துவிட்டது’ என்கிறோமே, அந்தத் தெரு.

தோரி சுலபம். ‘கடந்து செல்’ என்ற வினையிலிருந்து வந்த பெயர், பொருள் சாலை, வீதி. வேறொரு சொல்லோடு சேரும்போது முதல் ஒலி மெலிந்துவிடும், ஆங்கில எழுத்தில் எழுதுபவர்கள் அதற்காக எழுத்தை மாற்ற வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை. தமிழின் ‘த’ இரண்டு ஒலிக்கும் பொது.

சரி, விகாரைகள் ஏன் ஒரே தெருவில் வந்து வரிசை கட்டின?

தானாக வரவில்லை. இந்தத் தெருவின் முதல் பெயர் ஹிகாஷி கியோகோகு. ஹிகாஷி என்றால் கிழக்கு, கியோகோகு என்றால் தலைநகரின் ஓரம். ஹெய்யான்கியோவின் கிழக்கு எல்லைத் தெரு இதுதான். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் நகரம் எரிந்து பாழானது. அதற்குப் பிறகு நாட்டைத் தன் கைக்குள் கொண்டுவந்த தொயொதோமி ஹிதெயோஷி, நகரைத் திருத்தி அமைத்தபோது, பல இடங்களில் சிதறிக் கிடந்த விகாரைகளை 1590 வாக்கில் இந்தத் தெருவின் கிழக்கு வாடைக்கு இடம்பெயர்த்தார். 1591இல் நகரைச் சுற்றி ஒதோய் என்ற மண் மதிலும் எழுந்தது. அதன் நீளம் சுமார் 22.5 கிலோமீட்டர். விகாரை வரிசை அந்த மதிலுக்குச் சற்று உள்ளே நின்றது. கிழக்கிலிருந்து படை வந்தால் கெட்டியான சுவரும் அகன்ற முற்றமும் உள்ள விகாரைகள் தடுப்பாக இருக்கும். துறவியரும் ஊராரும் கலந்து கட்சி கட்டுவது குறையும், வரி வாங்கவும் வசதி. பக்திக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் பெரிய தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இடம்பெயர்ந்தவற்றில் பெயர் பெற்றது ஹொன்னோஜி. 1582இல் போர்த்தலைவர் ஒதா நொபுநாகா தன் தளபதியாலேயே வளைக்கப்பட்டு உயிர்விட்ட விகாரை. ஆனால் அது நடந்த இடம் வேறு. இன்று தெராமச்சியில் ஹொன்னோஜி வாசலில் நின்று ‘நொபுநாகா இங்கேதான் இறந்தார்’ என்று சொல்வது தவறு. அடிக்கடி தீக்கு இரையானதால், பெயரில் உள்ள ஓர் எழுத்தின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள் என்பது கூடுதல் செய்தி. அந்த எழுத்தின் ஒரு பகுதி ‘ஹி’ என்ற ஜப்பானிய எழுத்து இரண்டைப் போலத் தோன்றும். ‘ஹி’ என்றால் தீ.

விகாரைக்கு வருபவர்களை நம்பிக் கடைகள் வந்தன. செபமாலை, புத்தகம், தூரிகை, மருந்து என்று முதலில் விகாரையோடு ஒட்டிய சரக்கு. 1663இல் மருந்துக் கடையாகத் தொடங்கிய கியூகியோதோ இன்றும் இந்தத் தெருவில் ஊதுவத்தியும் எழுதுதாளும் விற்கிறது. இன்னும் வடக்கே, 1717இல் தொழில் தொடங்கிய இப்போதோ தேயிலைக் கடை. 1872இல் மேய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளிவந்தது, அதற்கு அடுத்த ஆண்டே சன்ஜோ வீதி குறுக்கிடும் சந்திப்பில் மிஷிமாதேய் என்ற மாட்டிறைச்சி உணவகம் வந்துவிட்டது. விகாரைத் தெருவில்தான்!

மேய்ஜி பேரரசரின் காலம் (1868–1912) விகாரைகளுக்குக் கெட்ட காலம். அரசு அவற்றின் நிலங்களைப் பிடுங்கிக்கொண்டது. 1869இல் பேரரசர் தோக்கியோவில் குடியேறியதும் கியோட்டோவே களையிழந்தது. நகருக்கு மறுபடி உயிரூட்ட நினைத்த அதிகாரி மகிமுரா மசனாவோ, விகாரை வளாகங்களின் ஊடே 1872இல் ஒரு புதுத் தெருவை வெட்டினார். தெராமச்சிக்கு இணையாகக் கிழக்கே, சன்ஜோவுக்கும் ஷிஜோவுக்கும் இடையில். அதற்குப் பெயர் ஷின்கியோகோகு. ‘ஷின்’ என்றால் புதிய. மறைந்துபோன பழைய பெயர் ‘தலைநகரின் ஓரம்’ இப்படிப் பக்கத்துத் தெருவில் போய்ப் பிழைத்துக்கொண்டது. நாடகக் கொட்டகை, வேடிக்கைக் காட்சி என்று தொடங்கிய அந்தத் தெருவில் இன்று பள்ளிச் சுற்றுலா வரும் மாணவர்கள் நினைவுப்பொருள் வாங்குகிறார்கள்.

ஷின்கியோகோகுவின் கிழக்கு வாடையில் நிஷிகி தென்மாங்கு இருக்கிறது. இது தெரா இல்லை, ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிண்டோவின் கோயில். கடைகள் எவ்வளவு நெருக்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு தெருக்களுக்கும் நடுவே நிற்கும் அதன் தோரணவாயிலை அண்ணாந்து பார்க்க வேண்டும். மேல் உத்தரத்தின் இரு முனைகளும் பக்கத்துக் கட்டடங்களின் சுவருக்குள் நுழைந்திருக்கும்.

ஷிஜோவுக்குத் தெற்கே போருக்குப் பின் மின்சாதனக் கடைகள் பெருகி, இப்போது குறைந்துவிட்டன. ஓய்கே சாலைக்கு வடக்கே கூரை முடிந்து, பழம்பொருளும் தாளும் தேநீரும் விற்கும் அமைதியான தெருவாகிவிடுகிறது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தெராவுக்குக் ‘கோயில்’ என்று எழுதுவது பிழை இல்லை, ஆனால் போதாது. ஜப்பானியர் பௌத்தத் தெராவையும் ஷிண்டோ ஜின்ஜாவையும் கவனமாகப் பிரிக்கிறார்கள். நிஷிகி தென்மாங்கு போல இரண்டும் ஒரே தெருவில் வரும்போது ‘கோயில்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும். பழந்தமிழில் பௌத்த, சமண இருப்பிடத்துக்குப் ‘பள்ளி’ என்ற அழகான சொல் இருந்தது. இன்று ‘பள்ளித் தெரு’ என்றால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சிதான் வரும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தால் ‘விகாரம்’ என்ற சொல்லும் நமக்குப் பழக்கம், ஆனால் அதற்கு அசிங்கம் என்ற பொருளும் ஒட்டியிருக்கிறது. இலங்கைத் தமிழர் அன்றாடம் புழங்கும் ‘விகாரை’ இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லாதது. அதையே எடுத்துக்கொள்ளலாம். தெரா விகாரை, ஜின்ஜா கோயில், மச்சி தெரு. ஆக, தெராமச்சி என்பது விகாரைத் தெரு.

கடைகள் நிறைந்த இத்தகைய தெருக்களுக்கு ஜப்பானியத்தில் பொதுப்பெயர் ஷோதென்காய். வணிகம், கடை, தெரு என்ற மூன்று எழுத்துகள். இதற்கு ‘வணிக வளாகம்’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். வளாகம் என்றால் ஒரே கட்டடம் அல்லது ஒருவருக்குச் சொந்தமான இடம் என்ற எண்ணம் வரும். இது பல சிறு கடைக்காரர்கள் சங்கம் வைத்துச் சேர்ந்து நடத்தும் தெரு. அசல் தமிழ்ச் சொல் ‘கடைத்தெரு’ கையிலேயே இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம்.

எழுதும்போது ஒரே ஒரு கவனம். கியோட்டோவின் தெருவைச் சொன்னால் அது இடப்பெயர், மொழிபெயர்க்காமல் ‘தெராமச்சி’ என்றோ ‘தெராமச்சி வீதி’ என்றோ எழுதலாம். ‘தெராமச்சி தோரி வீதி’ என்றால் வீதி இரண்டு முறை வந்துவிடும். கனசாவாவில் சாய் ஆற்றின் கரையிலும், நாகசாகியில் சீன வணிகர் கட்டிய விகாரைகள் உள்ள இடத்திலும் தெராமச்சிகள் உண்டு. பொதுப்பெயராக வரும்போது ‘கோட்டை நகரங்களில் விகாரைத் தெரு ஒன்று தனியாக இருக்கும்’ என்று தமிழாக்கி எழுதலாம். முகவரியில் வந்தால் இன்னொரு சொல்லும் கூடவே வரும். இப்போதோ கடையின் முகவரி ‘தெராமச்சி தோரி நிஜோ அகாரு’. அகாரு என்றால் மேலே ஏறு. அரண்மனை வடக்கே இருந்ததால் கியோட்டோவில் வடக்கே போவது ஏறுவது, தெற்கே போவது இறங்குவது, சகாரு. அங்கே மேடு எதுவும் இருக்காது. தமிழில் ‘தெராமச்சி வீதி, நிஜோ சந்திப்புக்கு வடக்கே’ என்று எழுதினால் போதும்.